இடது பக்கத்துப் பிரேக்

ஜூன் 3, செவ்வாய்

சீட்டுப் பணம் வந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன் என்று காலை டிபன் நேரத்தில் சொன்னேன். அண்ணன் இட்லியைப் பிய்த்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஏனம்மிணி, ஏழு பேரு உக்கார்ற மாதிரி எடு. அமாவாசைக்குக் குலதெய்வம் கோயிலு, தை மாசம் பழனி, கோபியில கல்யாணம்னா எல்லாரும் ஒண்ணா போயிட்டு வந்தர்லாம்.”

எல்லாரும் ஒன்றாகப் போவார்கள், அது உண்மைதான். ஓட்டுகிறவள் மட்டும் ஒருத்தி. கல்யாணமாகாத பெண்ணுக்கு டிரைவிங் தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு டாக்ஸிச் செலவே கிடையாது. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் என் பெயரில் நடக்கிற ஸ்ரீ கோகிலா டிரைவிங் ஸ்கூல் என்றால் ஊரில் பாதிப் பெண்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், தனக்குப் பிடித்த சொந்த வண்டி ஒன்றை ஓட்டியதில்லை.

“ஸ்போர்ட்ஸ் காருல உனக்குப் பக்கத்துல யாரு உக்காருவா?” என்று கேட்டார் அண்ணன்.

“காய்கறிப் பை,” என்றேன். அண்ணி சிரித்துவிட்டு, அண்ணன் பார்த்ததும் இருமினார்.

தினமும் ஓட்டுகிற மாதிரி வேண்டும். டிரைவிங் பள்ளிக்கும் உழவர் சந்தைக்கும் போக வேண்டும். எங்கள் தெரு வேகத்தடையில் அடி தட்டக் கூடாது. ஆடி பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், ஆடியில் வண்டி எடுத்தால் அண்ணன் வருடம் முழுக்கப் பேசுவார்.

ஜூன் 5, வியாழன்

காலை ஆறரை வகுப்பு, தெய்வசிகாமணி சார். பம்ப்செட் கம்பெனியில் மேனேஜராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். அவர் மனைவி நளினா என்னிடம்தான் ஓட்டக் கற்றார். அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்ட பெண்ணை நான் பார்த்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு நோயில் போய்விட்டார். அவர் ஓட்டிய கார் ஷெட்டிலேயே நிற்கிறதாம். அதை வெளியே எடுக்க வேண்டும் என்று மார்ச்சில் வந்து சேர்ந்தார் சார். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

ஒருவர் ஓட்டுவதைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன். அண்ணன் ஹாரன் ஆள். எங்கள் தெரு கவுன்சிலர் இண்டிகேட்டர் போடாத ஆள். சார் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் திரும்புவார். நல்ல மனிதர், மோசமான டிரைவர்.

டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கம் உட்காருகிற எனக்கும் காலடியில் ஒரு கிளட்சும் பிரேக்கும் உண்டு. மூன்றாவது கியரைத் தாண்டி வண்டி போவதில்லை. இருபத்தைந்து வருடமாக இடது பக்கத்திலும் மூன்றாவது கியரிலும் வாழ்கிறேன். இதை சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

“அப்ப ஆறு கியர் இருக்கற வண்டியா பாருங்க மாஸ்டர்,” என்றார்.

டிரைவிங் சொல்லித்தருகிறவர்களை மாஸ்டர் என்பது வழக்கம். பெண்கள் என்னை அக்கா என்பார்கள். இவர் மட்டும் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வண்டி பார்க்கப் போகிறேன் என்றேன். தனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்றார். வண்டி இருப்பது எந்தப் பக்கம் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வண்டி மஞ்சள் நிறம். இரண்டே சீட், மேல்கூரை பட்டனை அழுத்தினால் மடங்கிப் பின்னால் போய்விடும். வெளிநாட்டு வண்டி. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மில் முதலாளி மகனுடையது.

ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்தார்கள். நான் நேராக இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டேன். பழக்க தோஷம். சார் வெளியே நின்று, “யாருங்க மாஸ்டர் ஓட்றது?” என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

கூரையைத் திறந்து சுங்கம் சிக்னலில் நின்றோம். பக்கத்தில் டவுன் பஸ். பஸ்ஸில் இருந்த எல்லாரும் எங்கள் மடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் ஜன்னல் வழியாக, “உக்கடத்துக்குங்களா?” என்று கேட்டார். சார் மிகுந்த மரியாதையோடு, “இல்லீங்க, இது சும்மா ஒரு ரவுண்டுங்க,” என்று பதில் சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பும்போது வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு கர்ரென்று உரசியது.

அடிக்கடி எடுப்பீர்களா என்று கேட்டேன். “வாரத்துல ஒரு நாளுங்க,” என்றான் முதலாளி மகன். மற்ற நாள்? “மெக்கானிக்கிட்ட நிக்குமுங்க.” உண்மையைச் சொல்கிற பிள்ளை. நன்றாக இருக்கட்டும்.

சாருக்கு அந்தப் பக்கம் இருந்த வேலை என்ன என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

நேற்றைய வெயிலில் மூக்கு உரிகிறது. அண்ணி பார்த்துவிட்டு, “உனக்கு மட்டுந்தானா, கூட வந்தவருக்குமா?” என்றார். தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

அவினாசி ரோட்டில் ஒரு ஷோரூம். சிவப்பு வண்டி, தரையோடு தரையாக. இறங்கும்போது புடவைக் கொசுவம் கையோடு வந்துவிடும் போலிருந்தது. அடுத்த முறை சுடிதார்.

அங்கே இருந்த விற்பனைப் பையன் என்னைப் பார்த்து, “மேடம், ஜூஸ்ங்களா, காபிங்களா?” என்றான். சாரைப் பார்த்து, “சார், டர்போ எஞ்சின், நாலு செகண்டுல நூறைத் தொடும், டார்க் பத்தி சொல்லட்டுங்களா?” என்றான். சார் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, “சொல்லுங்க தம்பி,” என்றார். பையன் சொன்னான், சொன்னான், பத்து நிமிடம் சொன்னான். சார் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். கடைசியில் சாவியை அவர் கையில் கொடுத்து, “நீங்களே ஓட்டிப் பாருங்க சார்,” என்றபோதுதான், “எனக்கு எல்எல்ஆர்தானுங்க தம்பி, லைசென்ஸ் இன்னும் இல்லீங்க,” என்றார்.

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் சாவியை வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை வலது பக்கம் சரியாகப் போனேன்.

ஆனால் அது ஆட்டோமேட்டிக். கிளட்ச் இல்லை. இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லாமல், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா கிடந்தது. வேகம் உண்டு, சுவாரசியம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வீட்டுத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு எல்எல்ஆர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.

பள்ளியில் எனக்கு உதவியாக ஓட்டச் சொல்லித்தருகிற ஜெயமேரி இன்று சொன்னாள்: “அக்கா, சிகாமணி சாருக்கு இன்னும் எத்தனை கிளாஸ்? அவரு கூடச் சேந்தவங்கெல்லாம் லைசென்ஸ் எடுத்து, வண்டி எடுத்து, ஒருத்தரு இடிக்கவும் இடிச்சிட்டாரு.”

சிலருக்குக் கொஞ்சம் கூடுதல் பயிற்சி வேண்டும் என்றேன். பாதுகாப்பில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. இது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மாதிரிச் சிரித்தாள். நாளை அவளுக்கு ரிவர்ஸ் வகுப்பு மூன்று போட்டிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

கரும்பச்சை. ஜப்பான் வண்டி. இரண்டு கதவு, ஆறு கியர், கையால் போடுகிற கியர். சின்னது, ஆனால் வேகத்தடையைத் தட்டாமல் ஏறி இறங்கியது. சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே. கியர் மாற்றும்போது கைக்குள் ஒரு ‘க்ளிக்’. நீலம்பூர் பைபாஸில் நான்காவது போட்டேன், ஐந்தாவது போட்டேன். ஆறாவது போட்டபோது எனக்கே சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாக மற்றவர்கள் பயந்து கத்துகிற சத்தத்தைத்தான் காருக்குள் கேட்டிருக்கிறேன்.

இன்று அண்ணியும் வந்திருந்தார். “நானும் பாக்கறனே” என்று கிளம்பிவிட்டார், உளவுத்துறை வேலை என்று எனக்குத் தெரியாதா. பின் சீட் என்று ஒன்று இருப்பதாகக் கம்பெனி சொல்கிறது. அண்ணி அதை நம்பி உள்ளே ஏறி, பைபாஸ் வரை கூடவே வந்தார். ஷோரூமுக்குத் திரும்பியதும் அவரால் வெளியே வர முடியவில்லை. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே, சேலை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. நான் கையைப் பிடித்து இழுக்க, ஷோரூம் பெண் முதுகைத் தள்ள, சார் கண்ணியமாக அந்தப் பக்கம் திரும்பி நின்று, “மெதுவா, மெதுவா” என்று கண்ணாடிச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே என் காதில் சொன்னார்: “இதையே எடு அம்மிணி. இதுல உங்கண்ணன் ஏறவே முடியாது. இனி உன்னை ஒருத்தரும் டிரைவரா கூப்பிட மாட்டாங்க.”

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாடியில் நான், கீழே அவர்கள். அண்ணி என் பக்கம் என்பது இன்றுதான் தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். “முன் சீட்டுல அவருக்குக் கால் நீட்ட எடம் போதுமான்னு பாத்தியா?” என்றும் கேட்டார்.

எவருக்கு என்று கேட்டேன். காய்கறிப் பைக்கு என்றார்.

செவ்வாய்க்கிழமை சாருக்கு லைசென்ஸ் டெஸ்ட். முடிந்த பிறகு வண்டியை புக் செய்யலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

சார் டெஸ்டில் தேறவில்லை.

ஆர்டிஓ மைதானத்தில் நம் பள்ளி வண்டிதான். இன்ஸ்பெக்டர் இடது பக்கம் ஏறி, இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பெடலைத் தொடக் கூடாது அல்லவா. நான் வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். சார் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எடுத்தார். ரிவர்ஸ் சரி. மேட்டில் நிறுத்தி எடுப்பதும் சரி, அங்கே ஹேண்ட் பிரேக். கடைசியில் நிறுத்தக் கோடு. வண்டி கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டியது. தாண்டியும் அமைதியாகப் போய்க்கொண்டே இருந்தது. வேலிக்கு வெளியே என் வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. காலி டிரம் ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கி, “ஏனுங்க, பிரேக் எங்க இருக்குதுன்னு தெரியுமுங்களா?” என்று கேட்டார்.

சார் குழம்பிய முகத்தோடு சொன்னார்: “தெரியுமுங்க. ஆனா அந்த எடத்துல வண்டி எப்பவும் தானா நிக்குமுங்க.”

சுற்றி நின்ற டிரைவிங் ஸ்கூல்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் ஸ்ரீ கோகிலாவின் ஆள் யாரும் பிரேக்கில் தவறியதில்லை.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன்.

ஜூன் 25, புதன்

அமாவாசை. அண்ணன் வாடகை வேன் பிடித்தார். குலதெய்வம் கோயில். வழக்கம்போல ஓட்டினது நான். பின்னால் எல்லாரும் தூங்கினார்கள்.

தாராபுரம் ரோட்டில் யோசித்துப் பார்த்தேன். அவர் பிரேக் போடுவதற்கு முன்பு ஒவ்வொரு தடவையும் நான் போட்டிருக்கிறேன். மார்ச்சிலிருந்து. அவருக்கு அடிபட்டுவிடுமோ என்று பயந்து போட்டேன். அது ஒரு பாதிதான். தேறினவர்கள் ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு ரோட்டில் எதிரே வந்தால் ஹாரன் அடிப்பார்கள். அவ்வளவுதான் உறவு. மீதிப் பாதியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோயிலில் என்ன வேண்டிக்கொண்டாய் என்று அண்ணி கேட்டார். வண்டிக்கு என்றேன்.

ஜூன் 26, வியாழன்

சாருக்கு இனி ஜெயமேரிதான் சொல்லித்தருவாள் என்று போனில் சொல்லிவிட்டேன். “என் கையில நீங்க தேற மாட்டீங்க” என்றேன். “சரிங்க மாஸ்டர்,” என்றார்.

ஜெயமேரியிடம் ஒரே கட்டளை: காலைச் சீட்டுக்கு அடியில் வை.

ஜூன் 29, ஞாயிறு

வண்டி பார்க்கப் போகவில்லை. வீட்டைக் கூட்டித் துடைத்தேன். எட்டு மணிக்கே முடிந்துவிட்டது.

ஜூலை 2, புதன்

அண்ணன் ஏழு சீட் வண்டியின் விளம்பரத்தாளைக் கொண்டுவந்து டேபிளில் வைத்தார். பார்த்தேன். நல்ல வண்டிதான். பின்னால் ஏசி, டிக்கி பெரியது. எனக்கு எதற்கு இரண்டு கதவு வண்டி, எங்கே போகப் போகிறேன், யாரோடு போகப் போகிறேன் என்று தோன்றியது. சரி, இதையே எடுத்துவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அண்ணி அந்தத் தாளை எடுத்து, அதன் மேல் சூடான சாம்பார்ப் பாத்திரத்தை வைத்தார். “டேபிள்ல கறை ஆயிரும்,” என்றார் அண்ணனிடம்.

சாப்பிட்டு முடித்ததும் மாடிக்கு வந்தார். அண்ணி மாடி ஏறுவதே அபூர்வம், முழங்கால் வலி. “ஏனம்மிணி, ஆறாவது கியர் போட்டப்ப நீ சிரிச்சதை நான் பின்னாடி மாட்டிக்கிட்டுக் கெடந்து கேட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு வேணும். போய் அட்வான்ஸ் கட்டு,” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி முன்னால் அழுதேன், பரவாயில்லை.

ஜூலை 3, வியாழன்

கட்டிவிட்டேன். கரும்பச்சை. ஸ்டாக்கில் ஒன்று இருக்கிறதாம். ஆடிக்கு முன்பே கிடைக்கும். யாரிடமும் சொல்லவில்லை. ஜெயமேரியிடம் மட்டும் சொன்னேன், அவள் யாரிடம் சொல்வாள் என்பது எனக்குத் தெரியாதா.

ஜூலை 8, செவ்வாய்

தேறிவிட்டார். நான் மைதானத்துக்குப் போகவில்லை, ஜெயமேரி போனில் சொன்னாள். கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றாராம். இன்ஸ்பெக்டர், “இன்னிக்கு யாருங்க நிறுத்துனது?” என்று கேட்டாராம். “நான்தானுங்க,” என்றாராம்.

சாயங்காலம் சார் பள்ளிக்கு வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ்.

அந்தப் பெட்டியை வாங்கித் திறக்காமல் மேசையில் வைத்தேன். வாழ்த்துச் சொன்னேன், நளினா சந்தோஷப்பட்டிருப்பார் என்றேன். “அவ என்னை ஓட்டவே விட்டதில்லைங்க மாஸ்டர். பக்கத்துல உக்காந்து பாட்டுக் கேளு, அது போதும்னுருவா,” என்றார். பிறகு சுவரில் இருந்த போக்குவரத்துக் குறிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

“புது வண்டி எடுக்கறப்ப நான் வரலாமுங்களா? அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்குது.”

எந்தப் பக்கம் என்று இந்தத் தடவை கேட்டேன்.

“நீங்க எந்தப் பக்கம் போறீங்களோ அந்தப் பக்கமுங்க.”

மைசூர்பாகு நன்றாக இருந்தது. நான்கு துண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

ராகு காலம் முடிந்து வண்டியை எடுத்தோம். அண்ணன் மாலை வாங்கி வந்திருந்தார், நான்கு எலுமிச்சம்பழத்தையும் அவரே சக்கரத்துக்கு அடியில் வைத்தார். வைத்துவிட்டுப் பின் சீட்டை எட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். “சரி, நல்லா இருக்குது,” என்றார். அண்ணனிடமிருந்து அது பெரிய வார்த்தை. எலுமிச்சம்பழத்தின் மேல் நான்தான் ஏற்றினேன். அண்ணி திருஷ்டி கழித்துவிட்டு, “கெளம்பு, எங்களைப் பாக்காத,” என்றார்.

சார் இடது பக்கம் உட்கார்ந்தார். கால் நீட்ட இடம் இருந்தது.

சிறுவாணி ரோட்டில் பேரூர் தாண்டியதும் ஆறாவது கியர் வரை போட்டேன். சார் என் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வந்தார். காருண்யா நகர் பக்கம் ஆளில்லாத இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். மலை பக்கத்தில் தெரிந்தது. சாவியை அவரிடம் நீட்டினேன்.

“புது வண்டிங்க மாஸ்டர்,” என்றார்.

“லைசென்ஸும் புதுசுதானே. எடுங்க.”

இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். பழகிய இடம். கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. புது மேட் மட்டும்தான் இருந்தது, அழுத்தினால் அழுத்திக்கொள்ளலாம், ஒன்றும் நிற்காது. பயமாகத்தான் இருந்தது, வண்டிக்காக அல்ல. செருப்பைக் கழற்றினேன். இரண்டு காலையும் தூக்கி அந்தக் குறுகிய சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் கதவில் இடித்தது.

அவர் என் காலைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். யாருமே இல்லாத ரோட்டைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எடுத்தார்.

இரண்டாவது. மூன்றாவது. அவரே நான்காவது போட்டார். வளைவில் திரும்பினால் எதிரே ஒரு ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. என் கை இரண்டும் பாதங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

வண்டி நின்றது. அலுங்காமல், மந்தைக்கு நல்ல தூரத்தில். ஒரு ஆடு வந்து புதுப் பம்பரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

சார் நேராக முன்னால் பார்த்தபடி, முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

“பாத்தீங்களா கோகிலா, இந்த வண்டியும் தானா நிக்குதுங்க.”

முதலிலிருந்தே இவருக்குத் தெரியும்! யார் பிரேக் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேதான் தினமும் ஆறரைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது.

ஆடுகள் எல்லாம் போய் வெகுநேரம் ஆகியும் இருவரும் அங்கேயே இருந்தோம். அப்புறம் அவரே எடுத்தார். வீடு வரைக்கும் நான் காலைக் கீழே இறக்கவில்லை.